தெரியுமா? நொய்யல் சரக்கு போன தடம் இருக்கிறது, இறங்கிய ஊரைக் காணோம்!

1913ஆம் வருஷம். ஊத்துக்குளி வட்டாரத்தில், நொய்யல் ஆற்றை ஒட்டிய கத்தாங்கண்ணி. மண்ணுக்குள்ளிருந்து 233 காசுகள் வெளியே வந்தன. அத்தனையும் வெள்ளி! அகஸ்டஸ், டைபீரியஸ் என்று ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட 'தினாரியஸ்' காசுகள். அந்தக் காலத்தில் ஒரு தினாரியஸுக்கு என்ன மதிப்பு தெரியுமா? ரோமப் படையில் ஒரு சாதாரண வீரனின் வருஷச் சம்பளமே 225 தினாரியஸ்தான். கத்தாங்கண்ணியில் புதைந்து கிடந்தது அதைவிட எட்டுக் காசு கூட!

அது ஏதோ தப்பிப் பிழைத்த ஒரு முடிச்சு என்று நினைத்துவிடாதீர்கள். உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில் 1946இல் கிடைத்தவை ஏறக்குறைய 1,400. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இலேயே ஐந்நூறுக்கும் மேல். பிறகும் அதே ஊர் மண் விட்டு விட்டுக் காசு கொடுத்தது. பொள்ளாச்சி, கரூர் என்று பட்டியல் நீளும். கடலைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாத உள்நாட்டு மேட்டுப்பூமி இது. இங்கே ரோம வெள்ளிக்கு என்ன வேலை?

ஒரு பதில் காங்கேயம் பக்கத்துப் படியூரில் இருக்கிறது. பனியன் கம்பெனி வேன்கள் விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடக்கிற அதே படியூர்தான். அங்கே பூமிக்கடியில் பெரில் என்கிற கல் விளைந்தது. கடல்நீரின் நிறம், கண்ணாடி போன்ற தெளிவு. 1819–20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் தோண்டி 2,000க்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார். கொஞ்ச காலத்தில் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டது, வேலை நின்றுபோனது. ஆனால் ஹீத்துக்கு 1,700 வருஷத்துக்கு முன்பே இந்தக் கல்லைத் தேடி அலைந்தவர்கள் ரோமச் சீமாட்டிகள். மூத்த பிளினி என்ற ரோம எழுத்தாளர், வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் இறந்தவர், தம் பெரும் நூலில் பெரிலுக்கு ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். நல்ல பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறெங்கும் அபூர்வம் என்கிறார். அதோடு விட்டாரா? இந்தியர்கள் படிகக் கல்லுக்குச் சாயம் ஏற்றி, அதையே பெரில் என்று விற்கிறார்கள் என்றும் போட்டு உடைக்கிறார்! எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லவில்லை. சாயத்தொழில் ஊரான திருப்பூரில் இருந்துகொண்டு நாமும் கிளற வேண்டாம்.

இந்தக் கற்களை அறுத்து, பட்டை தீட்டி, துளை போட்ட பட்டறை ஊர் எது? அதுதான் கொடுமணல்! திருப்பூரிலிருந்து கிழக்கே, நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் நல்ல அணிகலனுக்குப் பேர்போன ஊராகச் சொல்லும் கொடுமணம் இதுதான் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். 1985இல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டத் தொடங்கியது. எ. சுப்பராயலு, ஈரோட்டுப் புலவர் செ. இராசு, கா. ராஜன் ஆகியோரின் உழைப்பில் ஒரு தொழில்நகரமே எழுந்து வந்தது. ராஜன் பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து 2012, 2013இல் மறுபடி தோண்டினார். தமிழ்நாடு தொல்லியல் துறையும் வந்து தோண்டியது. ஒவ்வொரு முறையும் இந்த ஊர் வெறுங்கையோடு யாரையும் அனுப்பவில்லை.

அங்கே என்னென்ன கிடைத்தன தெரியுமா? படியூர்ப் பெரில், சிவன்மலை நீலக்கல், வெங்கமேட்டுப் படிகம். இவை பக்கத்துச் சரக்கு. குஜராத் பக்கத்துச் சூதுபவளமும் அகேட்டும், ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்னும் கருநீலக் கல்லும் வெளிச் சரக்கு. மூலப்பொருளை எங்கிருந்தோ வரவழைத்து, இங்கே வேலைப்பாடு செய்து, வேறெங்கோ அனுப்புவது! ஒரே ஒரு ஈமக்குழியில் மட்டும் 2,000க்கும் மேல் சூதுபவள மணிகள். உடம்பெல்லாம் கல் பதித்த வெண்கலப் புலி ஒன்று. இரும்பு உருக்கிய உலை. எஃகு செய்த மூசைகள். நடுவே இரும்புக் கம்பி கோத்த சுடுமண் தக்கிளிகள். ஆமாம், பஞ்சை நூலாக்குகிற தக்கிளி! திருப்பூர் மண்ணில் நூல் நேற்று வந்த சமாசாரம் இல்லை.

எல்லாவற்றையும் மிஞ்சியது எழுத்து. தமிழ் பிராமியில் எழுதிய 500க்கும் மேற்பட்ட பானை ஓடுகள் இந்த ஒரு ஊரில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஆள் பெயர்கள். தமிழ்ப் பெயரோடு வடக்கத்திப் பெயர்களும் கலந்திருக்கின்றன. ஓர் ஓட்டில் 'நிகம' என்று, அதாவது வணிகர் சங்கம் என்று எழுதியிருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவரும் உள்ளூர்க்காரரும் ஒரே பட்டறைத் தெருவில் வேலை பார்த்த ஊர், கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே! இன்று திருப்பூர் வாடகை லைன் வீட்டுக் கதவுகளைத் தட்டினால் ஒரிசாவும் பீகாரும் எட்டிப் பார்ப்பது ஆச்சரியமா என்ன?

இந்தக் கொடுமணலுக்கு அருகிலேயேதான் ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்கென்று திறந்தார்கள், தேங்கியதோ சாயக்கழிவு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தத் தண்ணீரின் கதைதான். இரண்டாயிரம் வருஷத்து ஏற்றுமதி ஊரும், முப்பது வருஷத்து ஏற்றுமதியின் கழிவும் ஒரே ஆற்றங்கரையில் பக்கத்துப் பக்கத்தில்!

சரி, சரக்கு தயார். எப்படிப் போயிற்று? மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்க, பாலக்காட்டில் மட்டும் கதவு திறந்திருக்கிறது. கரூரிலிருந்து நொய்யலை ஒட்டியே கொடுமணல், கத்தாங்கண்ணி, சூலூர், வெள்ளலூர், பேரூர், பிறகு கணவாய், அப்புறம் சேரநாட்டுக் கடற்கரை. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே 'ராஜகேசரிப் பெருவழி' என்று பெயர் பொறித்த சோழர் காலக் கல்வெட்டு இந்தப் பாதை பின்னாளிலும் ஓயவில்லை என்பதற்குச் சாட்சி. இன்றும் திருப்பூரிலிருந்து கொச்சித் துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரி வாளையார் தாண்டி அதே கணவாய்க்குள்தான் நுழைகிறது.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அந்தப் பெருவழி போய்ச் சேர்ந்த துறைமுகம் முசிறி. திருச்சி மாவட்டத்து முசிறி இல்லை, இது வேறு! அகநானூறு சொல்லும் முசிறி. கிரேக்க, ரோம யவனர்களின் அழகிய மரக்கலங்கள் பெரியாற்று நுரையைக் கலக்கிக்கொண்டு பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது இதைத்தான். கிரேக்க மொழியில் எழுதிய செங்கடல் வழிகாட்டியான 'பெரிப்ளஸ்', கப்பல்கள் நிறைந்த ஊர் என்று இதைப் புகழ்கிறது. செங்கடல் வாயிலில் உள்ள ஒசேலிஸிலிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி வந்துவிடலாம் என்று கணக்கே போட்டுக் கொடுக்கிறார் பிளினி. கூடவே ஒரு குறை: பக்கத்தில் கடற்கொள்ளையர் தொல்லை, கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்திப் படகில் சரக்கு இறக்க வேண்டியிருக்கிறது, அதனால் அது அவ்வளவு சௌகரியமான துறைமுகம் இல்லையாம்! ஷிப்மென்ட் பற்றிய புகார் அன்றே ஆரம்பம்.

அந்த முசிறி இப்போது எங்கே? பல காலம் கொடுங்கல்லூர் என்றே சொல்லி வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். சங்க காலப் படிவு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பெரியாற்றுக்குத் தெற்கே, எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணம் என்ற சிற்றூரில் மணிகளும் பானை ஓடுகளும் தலைகாட்டின. 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சி மன்றம் பி.ஜே. செரியான் தலைமையில் தோண்டியது. செங்கல் கட்டிய படகுத்துறை, ஒற்றை மரத்தில் குடைந்த தோணி, மிளகு, சாம்பிராணி, மத்தியதரைக்கடல் பக்கத்து மது ஜாடித் துண்டுகள் ஆயிரக்கணக்கில்! இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறீர்களா? வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணனும் நம் தொல்லியலாளர் நாகசாமியும் ஒப்பவில்லை. 'முசிறி' என்று பெயர் எழுதிய ஒரு துண்டு ஓடு கூட அங்கே கிடைக்கவில்லை. எனவே வழக்கு இன்னும் முடியவில்லை. என் மனம் பட்டணத்துப் பக்கம்தான் சாய்கிறது. அவ்வளவு வெளிநாட்டு ஜாடிகளை உடைத்துப் போட்ட ஊர் வெறும் மீனவர் குப்பமாக இருக்க முடியாது. ஆனால் பெரியாறு ஓட்டம் மாறிய ஆறு. 1341இல் வந்த பெருவெள்ளம் கடற்கரையையே புரட்டிப் போட்டது என்கிற பேச்சும் உண்டு. எது எங்கே புதைந்ததோ!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ரோமப் பேரரசின் சாலைகளைக் காட்டும் 'பாய்ட்டிங்கர்' வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், தோலில் வரைந்த இடைக்காலப் பிரதி. அதன் கிழக்கு ஓரத்தில் முசிறி. முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம். அதற்கு மேல் எழுதியிருப்பது: அகஸ்டஸ் கோயில்! கத்தாங்கண்ணிக் காசில் இருக்கிறாரே, அதே அகஸ்டஸ்தான். கோயில் கட்டிக் கும்பிடும் அளவுக்கு யவனர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்பது பல அறிஞர்களின் முடிவு. அந்தக் கோயிலின் ஒரு கல்லைக்கூட இதுவரை யாரும் காணவில்லை.

அந்த வரைபடம் இருப்பது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில். அதே நூலகத்தில் இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. 1985இல் பதிப்பாகி உலகத்தையே புருவம் உயர்த்த வைத்த 'முசிறி பாப்பிரஸ்'. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் சரக்குக் கணக்கு. முசிறியிலிருந்து திரும்பிய கப்பலின் பெயர் ஹெர்மாபோலன். ஏற்றி வந்தது 60 பெட்டி கங்கைச் சடாமாஞ்சில், டன் கணக்கில் யானைத் தந்தம். மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ்! ரோமப் படைப்பிரிவு ஒன்றின் வீரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு வருஷச் சம்பளம் போடப் போதுமான தொகை, ஒரே கப்பலில்.

அந்த ஒப்பந்தத்தை நம்ம ஊர் எக்ஸ்போர்ட்டர் யாராவது படித்தால், பேங்கில் பேக்கிங் கிரெடிட் வாங்கக் கையெழுத்துப் போட்ட காகிதம் மாதிரியே இருக்கிறதே என்பார். சரக்கே அடமானம். செங்கடல் துறையில் இறக்கி, பாலைவனத்தில் ஒட்டகத்தில் ஏற்றி, கோப்டோஸ் என்ற ஊர்க் கிட்டங்கியில் முத்திரையிட்டு வைத்து, நைல் ஆற்றில் அலெக்சாந்திரியா கொண்டுபோக வேண்டும். அங்கே சுங்கம் நாலில் ஒரு பங்கு! 25 சதவீதம்! கெடு தப்பினால் கடன் கொடுத்தவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். வரியைப் பற்றித் திருப்பூரில் நாம் பேசுகிற பேச்சையெல்லாம் அலெக்சாந்திரியாக்காரர்கள் கிரேக்கத்தில் பேசித் தீர்த்திருப்பார்கள்.

காணாமல் போனது துறைமுகம் மட்டுமா? தலைநகரமே போய்விட்டது! சேரர் தலைநகர் வஞ்சி. கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களம் என்று ஒரு கட்சி. இல்லை, கரூர்தான் என்று இன்னொரு கட்சி. 1904இல் வி. கனகசபை எழுதிய புகழ்பெற்ற ஆங்கில நூல், கோதமங்கலத்துப் பக்கம் திருக்காரூர் என்று மூன்றாவதாக ஓர் இடத்தைக் காட்டியது. இரா. இராகவையங்கார் கரூருக்காகத் தனி நூலே எழுதி வாதாடினார். கிரேக்கப் புவியியலாளர் டாலமி, சேர மன்னன் இருக்கும் ஊர் 'கரௌரா' என்று உள்நாட்டு ஊர்களின் வரிசையில் வைக்கிறார். புகழூர் ஆறுநாட்டார் மலையின் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர் வருகிறது. நத்தி என்ற கரூர்ப் பொன் வாணிகனும் வருகிறான். கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் அள்ள அள்ள வந்தன. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அங்கே கிடைத்த கிரேக்கக் காசுகளையே தனியாகத் தொகுத்தார். ரோட்ஸ் தீவு, கிரீட் தீவு, தெசலி, திரேஸ்! கிரேக்க உலகத்தின் சில்லறை கரூர் ஆற்றங்கரையில். சேரன் மாக்கோதையின் வெள்ளிக்காசில் இருக்கும் தலையைப் பாருங்கள். ரோமக் காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தது போலவே இருக்கும்.

யவனர் எல்லோரும் மரியாதையாக நடத்தப்பட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், யவனரைப் பிடித்துக் கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றினான் என்கிறது பதிற்றுப்பத்தின் ஒரு பதிகம். எதற்காகவோ! மது விற்றவர்களும் இருந்தார்கள், மதுரைக் கோட்டைக்குக் காவல் நின்றவர்களும் இருந்தார்கள்.

காசிலும் நம்மவர்கள் ஏமாறவில்லை. கி.பி. 64இல் நீரோ மன்னன் தினாரியஸில் வெள்ளியைக் குறைத்தான். இந்தியாவில் கிடைக்கும் தினாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முந்தைய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே. உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்பது பலர் தரும் விளக்கம். தாய்லாந்தின் குவான் லுக் பட் என்ற ஊரில் ஒரு தமிழ்ப் பொற்கொல்லரின் உரைகல்லே கிடைத்திருக்கிறதே. அதில் தமிழ் பிராமியில் பெயர் வேறு பொறித்திருக்கிறது!

காணாமல் போன ஊர்களுக்கே திரும்பினால், கிரேக்கர் எழுதி வைத்த ஊர்கள் தொலைவது இந்தியாவில் முதல் தடவையும் இல்லை. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தர் தன் குதிரை புசிபாலஸின் நினைவாகவே ஒரு நகரம் எழுப்பினான். புசிபாலா. இன்றைய பாகிஸ்தானில், ஜீலம் நகரமா ஜலால்பூரா என்று இன்னும் தகராறு. பெரிப்ளஸ் நூலோ கொங்கணக் கடற்கரையில் 'பைசாந்தியன்' என்று ஒரு துறையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. விஜயதுர்க் என்கிறார்கள் சிலர், உறுதி இல்லை.

இப்போது நூல்காரர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். எகிப்தின் செங்கடல் துறையான பெரனிக்கேயில் தோண்டியபோது ஒரு கோயில் முற்றத்தில் இந்திய ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே ஏழரை கிலோ மிளகு! கொற்றன் என்ற பெயரோடு ஒரு தமிழ் பிராமி ஓடும் கிடைத்தது. வடக்கே குசைர் அல் கதிமில் கணன், சாதன் என்று இன்னும் இரண்டு பெயர்கள். அதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. அதிகம் பேர் கவனிக்காதது பெரனிக்கேயின் துணிக்கிழிசல்கள். ஜான் பீட்டர் வைல்ட், ஃபெலிசிட்டி வைல்ட் தம்பதி அவற்றை லென்ஸ் வைத்து ஆராய்ந்தார்கள். எகிப்தியர் நூல் நூற்றால் முறுக்கு 'எஸ்' எழுத்தின் சாய்வில் விழும். இந்திய நூலின் முறுக்கு 'இசட்' சாய்வு. பெரனிக்கேயின் பருத்தித் துணிகளில் இசட் முறுக்கு நூல் கிடைத்தது! கப்பல் பாய்த்துணியே இந்தியப் பருத்தி! மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய பூவேலைத் துணித் துண்டுகளும் இருந்தன.

திருப்பூரில் நிட்டிங் மாஸ்டரைக் கேட்டால் இதன் அருமை தெரியும். முறுக்குச் சரியில்லாத நூலில் ஓடிய சிங்கிள் ஜெர்சி, ஒரு தடவை துவைத்ததும் பக்கத் தையலை முறுக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஸ்பைராலிட்டி என்று பையர் பீஸைத் திருப்பி அனுப்புகிற அதே முறுக்கு. இரண்டாயிரம் வருஷம் பாலைவன மணலில் கிடந்த கந்தல் எந்த நாட்டுச் சரக்கு என்று காட்டிக்கொடுத்ததும் அந்த முறுக்குத்தான்! லேபிள் இல்லை, பார்கோடு இல்லை.

இதெல்லாம் கொங்குத் துணி என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவின் எந்தக் கரையிலிருந்தும் போயிருக்கலாம். பெரிப்ளஸ் பெயர் சொல்லிப் பாராட்டுவது உறையூர் மஸ்லினை. கொடுமணல் தக்கிளிகள் நூற்ற நூலில் எத்தனை பாகம் கப்பல் ஏறியது, எத்தனை பாகம் ஊர்க்காரர் இடுப்பில் வேட்டியாயிற்று என்பதற்குக் கணக்கு ஏது? கல் விஷயம் வேறு. படியூர்க் கல்லுக்கும் கத்தாங்கண்ணிக் காசுக்கும் நடுவே கொடுமணல் பட்டறை நிற்கிறது. கண்ணிகள் அத்தனை நெருக்கம்.

கடைசியாக ஒன்று. பதிற்றுப்பத்தில் கொடுமணத்தின் பெயர் தனியாக வருவதில்லை. கூடவே இன்னோர் ஊரும் வருகிறது: பந்தர். கொடுமணத்து அணிகலனும் பந்தர் முத்தும் என்று ஜோடியாகவே பேச்சு. கொடுமணத்தை நொய்யல் கரையில் கண்டுபிடித்தாயிற்று. பந்தரோ இன்னும் தேடப்படும் ஊர்ப் பட்டியலில், முசிறிக்கும் வஞ்சிக்கும் பக்கத்தில்! முத்து என்றதும் கடற்கரைப் பக்கம் கை நீட்டுபவர்கள் உண்டு. எந்தக் கடற்கரை என்பதில்தான் பஞ்சாயத்து. கொடுமணலில் இதுவரை தோண்டியதே மொத்த மேட்டில் ஒரு சிறு பகுதிதான். 500 ஓடுகளில் பெயர் எழுதி வைத்த ஆட்கள் அவர்கள். சரக்கை எந்த ஊருக்கு அனுப்பினோம் என்று ஒரே ஒரு ஓட்டிலாவது ஒருவன் கிறுக்கியிருக்க மாட்டானா?